அமீகாவுக்கு இன்னும் என்ன வேலை இருக்கிறது?

வணக்கம் நேயர்களே, அஸ்ஸலாமு அலைக்கும்.

கணினியைப் பற்றி வானொலியில் பேசக் கேட்டார்கள். எனக்கு உடனே நெதர்லாந்துதான் நினைவுக்கு வந்தது. 1980களில் அந்த நாட்டு வானொலியில் ஹொபிஸ்கூப் என்றொரு நிகழ்ச்சி இருந்தது. அதில் கணினி நிரல்களையே ஒலிபரப்பினார்கள். அக்காலத்து வீட்டுக் கணினிகள் பல, நிரலைச் சாதாரண ஓடியோ கசெட்டில் சத்தமாகத்தான் சேமித்து வைத்தன. ஆகவே வானொலியில் அந்தக் கீச்சுச் சத்தம் வரும்போது ரெக்கோட் பொத்தானை அழுத்தி, பிறகு கசெட்டைக் கணினியில் போட்டால் நிரல் ஓடும். யூகோஸ்லாவியாவிலும் 1983இலிருந்து பெல்கிரேட் வானொலி இதையே செய்தது. அந்தச் சத்தத்தை இப்போது நான் போட்டுக் காட்டினால் பாதிப் பேர் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவீர்கள், அதனால் வேண்டாம்.

நெதர்லாந்துக்காரருக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு கொம்பனியின் கணினியும் பேசிக் என்ற நிரல் மொழியை ஒவ்வொரு விதமாகப் பேசியது. அதற்காக எல்லா மெஷினுக்கும் பொதுவாக பேசிகோட் என்று ஒரு சிறிய வடிவத்தை வகுத்துக்கொண்டார்கள். அந்த வடிவத்தில் எழுதியது எல்லா வீட்டிலும் ஓடியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நான் கல்லடியில் கணினி திருத்துகிறவன். இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது அமீகா என்ற பழைய வீட்டுக் கணினி. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதை நேரில் கண்டவர்கள் மிகக் குறைவு. உலகத்தில் வீட்டுக் கணினி பரவிய காலத்தில் நாங்கள் அரிக்கன் லாம்புக்கு மண்ணெண்ணெய் தேடிக்கொண்டிருந்தோம். எங்களில் பலர் முதலில் தொட்டதே விண்டோஸ் போட்ட கணினிதான். அமீகா மீது எங்களுக்குப் பழைய பாசம் எதுவும் கிடையாது. ஐரோப்பாவில் அதைக் கட்டிக் காப்பாற்ற நினைப்பவர்களுக்குப் பாசமே கண்ணை மறைக்கிறது என்பது என் எண்ணம்.

1985 ஜூலை 23ஆம் திகதி நியூயோர்க்கில் அமீகாவை வெளியிட்டார்கள். ஓவியர் அண்டி வோர்ஹோல் மேடையிலேயே பாடகி டெபி ஹரியின் படத்துக்கு அதில் வர்ணம் தீட்டிக் காட்டினார். வடிவமைத்த குழுவின் தலைவர் ஜே மைனர். விற்றது கொமடோர் கொம்பனி. 1987இல் வந்த அமீகா 500தான் வீடுகளுக்குள் பரவியது. நினைவகம் வெறும் 512 கிலோபைட். இன்றைக்கு வட்ஸ்அப்பில் வரும் சில காலை வணக்கப் படங்களே அதை நிரப்பிவிடும். அந்த இடத்துக்குள் பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்தது, 4096 நிறம் காட்டியது, நான்கு சனலில் ஸ்டீரியோ இசை வாசித்தது. படம், ஒலி, நினைவகப் போக்குவரத்து என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சிப் இருந்ததால் இது முடிந்தது. அந்தச் சிப்களுக்கு அக்னஸ், டெனிஸ், போலா என்று பெயரும் வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் கிராண்ட் ரப்பிட்ஸ் என்ற ஊரில் 19 பாடசாலைகளின் வெப்பமூட்டிகளையும் ஏசிகளையும் ஓர் அமீகாதான் 2015 வரை ஓட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஏன் விழுந்தது? கொமடோரின் நிர்வாகம்தான் காரணம் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அதைவிட ஆழமான காரணம் சிப்பிலேயே இருந்தது. அமீகா ஒரு புள்ளியின் நிறத்தை ஒரே இடத்தில் எழுதி வைப்பதில்லை. 32 நிறம் வேண்டுமென்றால் ஐந்து தளங்களில் பிரித்து எழுதும். நினைவகம் விலையாக இருந்த 1985இல் அது கெட்டித்தனம். ஐபிஎம் வகைப் பீசியோ 256 நிறம் காட்டும்போது ஒரு புள்ளிக்கு ஒரு பைட் என்று நேராக எழுதியது. 1993 டிசம்பரில் டூம் விளையாட்டு வந்து, சுவர்களுக்குப் படம் ஒட்டி வேகமாக ஓடியபோது, அமீகா ஒரு புள்ளியை மாற்றப் பல இடங்களைத் தொட வேண்டியிருந்தது. எந்தச் சிப்களால் பெயர் வாங்கியதோ அவற்றையே விட்டு நகர முடியவில்லை. விளையாட்டு நிரல்கள் பலவும் அந்தச் சிப்களை நேரடியாகப் பிடித்துக்கொண்டல்லவா எழுதப்பட்டிருந்தன! 1994 ஏப்ரல் மாதக் கடைசியில் கொமடோர் மூடப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்தது காணி வழக்குப் போல இழுபட்டது. 1995இல் ஜேர்மனியின் எஸ்கொம் வாங்கியது, அடுத்த வருடமே அதுவும் முறிந்தது. 1997இல் அமெரிக்காவின் கேட்வே. பிறகு அமீகா இன்க். என்ற வேறொரு கொம்பனி. பெல்ஜியத்தின் ஹைபீரியன் அமீகாவின் ஓஎஸ்ஸில், அதாவது இயங்குதளத்தில், 4ஆம் பதிப்பை எழுதியது. 2007இல் இந்த இரண்டு கொம்பனிக்கும் இடையே வழக்கு, 2009இல் சமரசம், பிறகும் ஓயவில்லை. இதற்கிடையில் வேறு சிலர் தனித்தனியாகப் போய் மோர்ஃப்ஓஎஸ் என்றும் ஏரோஸ் என்றும் அமீகா மாதிரியான ஓஎஸ்களைச் செய்தார்கள். இன்றைக்கு அமீகா குடும்பம் பழைய மெஷின்காரர் உட்பட நாலு வீடாக இருக்கிறது.

சரி, இதைப் பிழைக்க வைக்க என்ன செய்யலாம்?

முதலில், செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். புதிய அமீகா என்று பவர்பீசி சிப் போட்ட கணினிகளை ஆயிரம் பவுணுக்கு மேல் விற்றுவந்தார்கள். அப்பிள் கொம்பனியே 2005இல் பவர்பீசியைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. அந்தப் பாதையில் புதிதாக ஓர் ஆளும் வரப்போவதில்லை, ஏற்கெனவே இருப்பவர்கள்தான் இன்னொன்று வாங்குவார்கள். இன்றைய இணையத்துக்கு ஈடுகொடுக்கும் உலாவி எழுதும் ஆசையும் வேண்டாம். அமீகாவில் எல்லா நிரலும் ஒரே நினைவகத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு நிரல் தடுமாறினால் மெஷின் முழுவதும் விழுந்து, சிவப்புக் கட்டத்துக்குள் குரு மெடிட்டேஷன் என்று மின்னும். அதைத் திருத்தப் போனால் பழைய நிரல்கள் ஓடாது. வங்கிக் கணக்கைத் திறக்கிற கணினியாக அது இனி ஆகாது. ஆகத் தேவையுமில்லை.

2022இல் அமீகா 500ஐச் சின்னதாக்கி விளையாட்டுப் பெட்டியாக விற்றார்கள். 25 விளையாட்டு உள்ளே. பார்க்க அழகு. ஆனால் அதன் கீபோட் வெறும் அலங்காரம், விசை அமுங்காது.

இங்கேதான் எனக்குக் கூத்தின் ஞாபகம் வருகிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். கூத்தைப் பட்டிக்காட்டு ஆட்டம் என்று ஒதுக்கியவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அது சிறிய காரியமல்ல. ஆனால் மேடைக்குப் போன கூத்து படித்தவர் பார்க்கிற கலையாகிவிட்டது என்ற குறையும் கூடவே வந்தது. பிறகு மட்டக்களப்புச் சீலாமுனையில் வேறு வழி பார்த்தார்கள். ஊராரே கூடியிருந்து, கதையில் எது இன்றைக்குப் பொருந்தாது என்று பேசி, பாட்டை மாற்றி, ஊருக்குள்ளேயே ஆடினார்கள். விளையாட்டுப் பெட்டி, மேடைக் கூத்தின் வழி. எனக்குப் பிடித்தது சீலாமுனையின் வழி.

அப்படியானால் அமீகாவுக்குக் களரி, அதாவது ஊருக்குள் கூத்தாடும் இடம், எது? என் பதில், ஏரோஸ். 1995இல் தொடங்கிய இந்த ஓஎஸ்ஸின் மூல நிரல் திறந்தது, யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை, சாதாரண பீசியிலேயே ஓடும். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் விண்டோஸ் 7 காலத்து மெஷின்கள் மூலையில் அடுக்கிக் கிடக்கின்றன. 2025 ஒக்டோபரில் விண்டோஸ் 10க்கும் ஆதரவு நின்றதால் இன்னும் சேரும். அவற்றில் ஒன்றில் யூஎஸ்பியால் ஏரோஸை ஏற்றிப் பாருங்கள். வைஃபை கிடைத்தால் அதிர்ஷ்டம், யூடியூப்பை மறந்துவிடுங்கள். ஆசிரியர்களுக்கு இதில் முறைப்பாடு இருக்காது என்று நினைக்கிறேன்.

நாலு வீட்டுக்காரரும் ஒன்று சேரமாட்டார்கள். சேரவும் வேண்டியதில்லை. கொமடோர் கடைசியாக விட்ட 3.1 என்ற பதிப்பின் கட்டளைத் தொகுதி நாலு வீட்டுக்கும் பொது. புதிதாக எழுதுகிறவர் அந்த எல்லைக்குள் நின்று எழுதினால், மற்ற வீடுகளுக்கும் அதிக சிரமமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். பேசிகோட்டைப் பற்றி முன்பு சொன்னது இதற்காகத்தான். பழைய ரொம்முக்கு, அதாவது அமீகாவின் சிப்பில் பதிந்து வந்த அடிப்படை நிரலுக்கு, உரிமை வைத்திருப்பவர்கள் அதைக் கல்விக்கு இலவசமாக விட்டால் இன்னும் நல்லது, ஆனால் அது எங்கள் கையில் இல்லை.

பிள்ளைகள் ஏன் வர வேண்டும்? ஒரு மனிதரால் முழுவதும் புரிந்துகொள்ளக்கூடிய கணினி இது. இன்றைய ஃபோனுக்குள் என்ன நடக்கிறதென்று அதைச் செய்தவர்களிலேயே தனியொருவருக்கு முழுவதும் தெரியாது. அமீகாவில் கொப்பர் என்றொரு சிறிய செயலி இருக்கிறது. அதற்குத் தெரிந்த கட்டளை மூன்றே மூன்று: எழுது, காத்திரு, தாண்டு. திரையில் இந்த வரி வரும்வரை காத்திரு, வந்ததும் நிறத்தை மாற்று என்று சொன்னால் திரை முழுவதும் வானவில் விரியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பின்னேரம் போதும். இதற்குச் சிப்களையும் அப்படியே நடிக்கிற எமுலேட்டர் வேண்டும். யூஏஇ என்ற பெயரில் இலவசமாகவே கிடைக்கிறது.

அடுத்தது தமிழ். அமீகாவின் ஓஎஸ்ஸுக்கு யூனிகோட் தெரியாது. ஓர் எழுத்துருவில் 256 இடம், அவ்வளவுதான். தமிழுக்கு வழியில்லை என்று நினைப்பீர்கள். ஆனால் எங்கள் அச்சகங்களில் இன்றைக்கும் பாமினி எழுத்துரு புழங்குகிறதே, அது வேலை செய்வதும் இப்படித்தான். ஆங்கில எழுத்துக்கள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துவிடும். கணினி தான் ஆங்கிலம் எழுதுவதாக நம்பிக்கொண்டிருக்கும். கொம்பை முதலில் தட்டுகிறோம், முன்னால் நிற்கிறது. குகரம், கூகாரம் எல்லாம் தனி வடிவம். ஆகவே பாமினியின் ஒழுங்கில் புள்ளிப் புள்ளியாக ஒரு தமிழ் எழுத்துரு வரைந்தால், ஓஎஸ்ஸில் ஒரு வரியும் மாற்றாமல் அமீகாவில் தமிழ் தெரியும். யூனிகோட்டிலிருந்து அதற்கு மாற்றித் தர ஒரு சின்ன நிரல் வேண்டும், அதையும் மாணவர்களே எழுதலாம். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ கம்பஸ் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு விடுமுறைக்குள் முடியும். உலகத்து அமீகாக்காரர் அதை வரவேற்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, அவர்களுக்கு வேண்டியதே புதிய ஆட்கள்தான்.

கடைசியாக, எனக்கு மிகவும் ஆசையான விஷயம். 1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜேர்மானியர் அமீகாவுக்கு சவுண்ட்டிராக்கர் என்ற நிரலை எழுதினார். உண்மையான வாத்தியத்தின் ஒரு தட்டைப் பதிவு செய்து, நான்கு சனலில் மேலிருந்து கீழாக வரி வரியாக அடுக்கி இசை செய்வது. ஒரு பக்கத்துக்கு 64 வரி. நான்கு சனல் என்றதும் எனக்குத் தோன்றுவது இதுதான்: மத்தளத்தின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு, சல்லாரி என்ற கைத்தாளத்துக்கு ஒன்று, பிற்பாட்டுக்கு ஒன்று. எங்கள் தாளங்கள் எல்லாம் 64க்குள் ஒழுங்காக அடங்கா. ஏழாகப் போகிற தாளத்துக்கு 56ஆவது வரியில் பக்கத்தை உடைக்கிற கட்டளை போட வேண்டும். மேல்நாட்டில் கணினி விளையாட்டுகளின் இசைக்குச் செய்த கருவியில் வடமோடிக் கூத்தின் தாளம் ஓடினால் எப்படி இருக்கும் என்று யாராவது செய்து பார்க்கத்தான் வேண்டும்.

பதிவுக்கு ஃபோன் போதும், ஸ்டூடியோ தேவையில்லை. ஒலிக்கான போலா சிப் 8 பிட்தான், கொஞ்சம் கரகரக்கும், மத்தளத்துக்கு அது குறையாகத் தெரியாது. சல்லாரிதான் சிக்கல். விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது என்ற வீதத்தைக் குறைத்தால் அதன் கூர்மை போய்விடும், ஆகவே அதை மட்டும் சிப் தாங்கக்கூடிய ஆகக் கூடிய வீதத்தில், ஏறத்தாழ 28 கிலோஹேர்ட்ஸில் எடுங்கள். பதிவு செய்வதற்கு முன் கூத்துப் பழக்கும் உங்கள் ஊர் அண்ணாவியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.