பையில் இருந்த நெற்தூர்

நேயர்களுக்கு வணக்கம். வேளாண்மை விரிவாக்கப் பணியாளனாகக் காவிரிப் படுகையின் ஊர்களில் முப்பது ஆண்டுகள் கூட்டங்களில் பேசியவன் நான். கேட்போரின் கவனத்தைப் பிடித்துவைத்த அனுபவம் எனக்குக் கொஞ்சம் உண்டு. நழுவவிட்ட அனுபவம் நிறையவே உண்டு.

ஒரு குறுவைக் காலத்தில், மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் நெற்தண்டுக்குள் புழுவாக இருந்து அரிக்கும் குருத்துப்பூச்சியைப் பற்றித் திரையில் நாற்பது படங்களைக் காட்டத் தொடங்கினேன். ஒவ்வொரு படத்திலும் இருந்த வரிகளைத் திரையைப் பார்த்தபடியே வாசித்தேன். படிக்கத் தெரிந்தவர்கள் எனக்கு முன்பே படித்து முடித்துவிட்டார்கள்; மற்றவர்களுக்கு என் முதுகுதான் தெரிந்தது. ஏழாவது படம் வருவதற்குள் வெற்றிலைப் பை கைமாறத் தொடங்கியது, பின்வரிசையில் முறைத் தண்ணீரைப் பற்றித் தனியாக ஒரு கூட்டமே நடந்தது.

அப்போது மின்சாரம் நின்றது. அலுவலகத்தில் காட்டுவதற்காகக் காலையில் பிடுங்கிப் பையில் போட்டிருந்த நெற்தூர் ஒன்று, அதாவது வேரோடு கூடிய நெற்பயிர்க் கொத்து, நினைவுக்கு வந்தது. அதை முன்வரிசைப் பெரியவரிடம் நீட்டி, "ஐயா, நடுக்குருத்தை மட்டும் இழுத்துப் பாருங்கள்" என்றேன். காய்ந்த குருத்து தடையின்றிக் கையோடு வந்தது. அதன் அடி அரிக்கப்பட்டிருந்தது. "தம்பி, என் வயல்லயும் இப்படித்தான் இருக்கு, தண்ணி பத்தாமக் காயுதுன்னுல்ல இருந்தேன்" என்றார் அவர். தண்டைப் பிளந்து புழுவைக் காட்டியபோது பின்வரிசையினரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். மின்சாரம் திரும்பிய பிறகும் திரையின் பக்கம் எவரும் திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை.

படங்கள் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்பவர் நேற்றுத் தம் வயலில் பார்த்ததிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். திரையே இல்லாத வானொலி இதை முன்பே செய்து காட்டியிருக்கிறது. 1960களில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டு ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பயிரிட்ட தஞ்சை உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். எத்தனை நாளில் அறுக்கலாம், அடுத்த போகத்துக்கு நேரம் இருக்குமா என்ற கேள்விகள் அவர்கள் மனத்தில் முன்பே இருந்தவை. மீண்டும் சொல்கிறேன், அவர்கள் வயலிலிருந்து தொடங்குங்கள்.

குரலின் ஏற்ற இறக்கத்தைப் பற்றியும் கேள்வி கேட்கும் முறையைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் வானொலி நிலைய நண்பர், ஒரு நிமிடம்தான் மீதி என்று ஒரு விரலைக் காட்டுகிறார். ஆகவே ஒன்று மட்டும். கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கேட்காமல், ஒருவரைப் பார்த்து, "உங்கள் நாற்றுக்கு எத்தனை நாள் வயது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையைத் திருத்துவதற்குப் பக்கத்து வயல்காரர் உடனே வாய்திறப்பார். வணக்கம்.