பின் இருக்கையில் ஒரு மியூவான் பெட்டி

வணக்கம். இன்றைக்குக் காட்சி கொஞ்சம் சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காரில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். பின் இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி தெரிகிறதா? வானத்திலிருந்து வரும் மியூவான் என்ற நுண்துகளை எண்ணும் கருவி அது. அதற்கு சீட் பெல்ட் போட்டிருக்கிறேன். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோதுகூட நான் இவ்வளவு மெதுவாக வண்டி ஓட்டியதில்லை. அவளுடைய பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு இதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை அவளுடைய இயற்பியல் ஆசிரியர் என் தலையில் கட்டிவிட்டார். நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

வழியில் வண்டியை நிறுத்தியிருக்கும் இடம் ஃபெர்மிலாப். சிகாகோவுக்கு மேற்கே, படேவியாவில் இருக்கும் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம். வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே வந்தால் முதலில் தேடத் தோன்றுவது துகள்களை வேகமாக ஓடவைக்கும் முடுக்கியை அல்ல, காட்டெருமைகளை. ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் ராபர்ட் வில்சன் 1969-இல் கொண்டுவந்துவிட்ட மந்தை இன்னும் இங்கே மேய்கிறது. சிகாகோ பக்கம் இருக்கும் நம்மவர்கள் அரோரா பாலாஜி கோயிலுக்குத் தவறாமல் வருவார்கள், புளியோதரை சாப்பிடுவார்கள், வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். கோயிலிலிருந்து இது கால் மணி நேரத் தூரம். நானும் ஒன்பது வருடம் அப்படித்தான் இருந்தேன்.

போன சனிக்கிழமை மகளை ஒரு பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு அழைத்துப் போயிருந்தேன். மாஸ்டர்கிளாஸ் என்று ஒரு நாள் வகுப்பு. பள்ளி மாணவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஜெனீவா சேர்ன் ஆய்வுக்கூடத்தின் சி.எம்.எஸ். கருவி பதிவு செய்த உண்மையான புரோட்டான் மோதல்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். சிவப்புக் கோடு என்றால் மியூவான். இரண்டு சிவப்புக் கோடுகள் இருந்தால், அந்த இரண்டையும் பெற்ற தாய்த்துகளின் நிறை என்ன என்று குறித்துக்கொள்ள வேண்டும். நான் கடைசி வரிசையில் ஆறிப்போன காப்பியோடு உட்கார்ந்திருந்தேன்.

மதியத்துக்குமேல் எல்லா மேசைகளின் எண்களையும் ஒரே வரைபடத்தில் சேர்த்தார்கள். துகளின் நிறையை ஜிகா எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் சொல்கிறார்கள்; ஒரே நிறை பல முறை வந்தால் அந்த இடத்தில் மேடு எழும். 91 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் ஒரு மேடு வந்தது. அது இசட் போசான் என்ற துகள், அதற்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தார்கள். ஆனால் இடது ஓரத்தில், மூன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒன்பதரைக்குப் பக்கத்தில் ஒன்று என்று இன்னும் இரண்டு மேடுகள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கி, "நாங்கள் தப்பாக எண்ணிவிட்டோமா?" என்று கேட்டாள். பேராசிரியர் பதில் சொல்லவில்லை. "பக்கத்து மேசைக்கும் அங்கேயே வந்திருக்கிறதா, பார்" என்றார். வந்திருந்தது. அதற்குப் பிறகுதான் சொன்னார்: ஒன்பதரையில் இருப்பது உப்சிலான் என்ற துகள். இயற்பியலாளர் லியான் லெடர்மானின் குழு 1977-இல் கண்டுபிடித்தது, ஃபெர்மிலாபில்.

அவர் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். அதற்கு முந்தைய வருடம் இதே குழு 6 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் ஒரு துகளைப் பார்த்துவிட்டதாக அறிவித்தது. தரவு கூடக் கூட அந்த மேடு கரைந்து காணாமல் போனது. இயற்பியலாளர்கள் தப்பு நடந்தால் ஆங்கிலத்தில் சொல்லும் 'ஊப்ஸ்'-ஐ லெடர்மானின் முதல் பெயரோடு ஒட்டி, உப்சிலான் போலவே ஒலிக்கும்படி அதற்கு 'ஊப்ஸ்-லியான்' என்று கிண்டலாகப் பெயரே வைத்துவிட்டார்கள். லெடர்மானுக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் இந்தப் பெயர் இன்னும் போகவில்லை. "தப்பாக எண்ணிவிட்டோமா" என்ற கேள்விக்கு இத்துறையில் எத்தனை மரியாதை என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் உரக்கவே கேட்டிருப்பாள்.

இந்த வகுப்பையும் பின் இருக்கைப் பெட்டியையும் அமெரிக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது குவார்க்நெட் என்ற திட்டம். 1999-இல் தொடங்கியது. ஃபெர்மிலாபும் இண்டியானாவில் உள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகமும் கைகோத்து நடத்துகின்றன. பணம் முக்கியமாக தேசிய அறிவியல் அறக்கட்டளையிடமிருந்தும் எரிசக்தித் துறையிடமிருந்தும் வருகிறது. நாடு முழுக்கப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் ஏறக்குறைய 50 மையங்கள் இருக்கின்றன.

இதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் முதலில் மாணவர்களைப் பிடிக்கவில்லை என்பதுதான். ஆசிரியர்களைப் பிடித்தார்கள். கோடை விடுமுறையில் ஆசிரியர் ஆய்வுக் குழுவோடு வாரக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்கிறார், அதற்கு ஊதியமும் உண்டு. அடுத்த வருடம் மற்ற ஆசிரியர்களை அழைத்து வருகிறார். மாணவன் நான்கு வருடத்தில் பள்ளியை விட்டுப் போய்விடுவான், ஆசிரியர் இருபது வருடம் இருப்பார். கணக்கு அவ்வளவுதான்.

நான் ஒன்பதாவது படித்தபோது எங்களையும் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். பெயர் வேண்டாம். வரிசையில் நிற்கவைத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு சாம்பல் நிற இயந்திரத்தைக் காட்டி, "தொடாதே" என்று நான்கு முறை சொல்லி, ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த இயந்திரம் என்ன செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிஸ்கட் நன்றாக இருந்தது.

சரி, பெட்டிக்கு வருவோம். உள்ளே பெரிய நோட்டுப் புத்தகம் அளவில் நான்கு தகடுகள் இருக்கின்றன. ஒருவகைப் பிளாஸ்டிக். மின்னேற்றமுள்ள துகள் ஊடுருவினால் கண்ணுக்குத் தெரியாத அளவில் மினுங்கும். அந்த மினுக்கலை ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய் மின் துடிப்பாக மாற்றுகிறது. கூடவே ஒரு மின்னணு அட்டை, நேரம் குறிக்க ஜி.பி.எஸ். மேலே ஒரு தகட்டிலும் கீழே ஒரு தகட்டிலும் ஒரே கணத்தில் துடிப்பு வந்தால் அதை மியூவான் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். வானத்திலிருந்து வருகிறது, கூரையைத் துளைக்கிறது, உங்கள் தலையையும்தான். கடல் மட்டத்தில் ஒரு சதுர செண்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று. நான் பேச ஆரம்பித்ததிலிருந்து இந்த உள்ளங்கை வழியாக எத்தனை போயிருக்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தகட்டைக் கறுப்புத் தாளால் சுற்றி, ஓரங்களை நாடாவால் ஒட்ட வேண்டும். ஊசிமுனை அளவு வெளிச்சம் புகுந்தாலும் கெட்டது. ஆசிரியர் அறை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைத் தகட்டின் விளிம்போரமாக மெல்ல நகர்த்தினார். மூன்று பக்கம் எண்ணிக்கை அசையவில்லை. நான்காவது மூலைக்கு வந்ததும் திரையில் எண்கள் எகிறின. என் மகள் ஒட்டிய மூலை அது. ஒன்றும் பேசாமல் நாடாவை எடுத்தாள்.

பிறகு அடுக்கைச் சாய்த்துப் பார்த்தார்கள். 60 பாகை சாய்த்தால் எண்ணிக்கை ஏறக்குறைய கால்வாசியாகிறது. சாய்வாக வரும் மியூவான் அதிகக் காற்றைக் கடந்து வர வேண்டும், வழியிலேயே பல சிதைந்துவிடும். அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடிதான். அந்த ஆயுளுக்கு ஒளி வேகத்தில் ஓடினாலும் 660 மீட்டர்தான் தாண்ட முடியும், ஆனால் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்து தரைவரை வந்துவிடுகிறது. இந்த இடத்தில் ஆசிரியர் ஐன்ஸ்டைனை இழுத்தார். வேகமாக ஓடும் மியூவானின் கடிகாரம் நம் கணக்கில் மெதுவாக ஓடுகிறது என்றார். எனக்குப் பாதி புரிந்தது. மகளுக்கு முழுவதும் புரிந்ததாகச் சொல்கிறாள்.

இதே மியூவான்களைத்தான் ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக் கருவியும் எண்ணுகிறது. 2014 டிசம்பர் 1-ஆம் தேதி இடிமேகம் ஒன்று கடந்தபோது மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்து, அந்த மேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். ஊட்டிக்கு மூன்று முறை போயிருக்கிறேன். படகு ஓட்டினேன், வர்க்கி வாங்கினேன்.

குறையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் ஆளைப் பொறுத்துத்தான் ஓடுகிறது. ஆர்வமுள்ள ஆசிரியர் ஓய்வுபெற்றால் பெட்டி அலமாரிக்குள் போய்விடுகிறது. இந்தப் பெட்டியே அப்படி எங்கோ ஓர் அலமாரியில் சில வருடம் கிடந்ததுதான். திறந்தபோது ஒரு கேபிளைக் காணவில்லை. பணமும் அரசாங்க மானியம், ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டும். பயிற்சி கொடுக்க முடிகிறது, கருவியைக் கொடுக்க முடிகிறது, பள்ளி அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தை யார் கொடுப்பது? என் மகளின் ஆசிரியர் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் இதையெல்லாம் செய்கிறார்.

மணி மூன்று இருபது. காட்டெருமை ஒன்றுகூட வேலிப் பக்கம் வரவில்லை, உங்களுக்குக் காட்டலாம் என்று நினைத்தேன். அந்தப் பள்ளி அலுவலகம் நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள், வழியில் ஒரு ரயில்வே கேட் வேறு இருக்கிறது. நான் கிளம்புகிறேன்.