கண்ணாடி விரியன் கடிக்குப் பின் சிறுநீரகத்தைக் காக்கும் செவிலியம்

நேயர்களுக்கு வணக்கம். கண்ணாடி விரியன் கடித்தவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றி, ரத்தம் உறையத் தொடங்கியதும் வீட்டார் பெருமூச்சு விடுவார்கள். சிறுநீரகம் பழுதாவது பல சமயம் அதன் பிறகுதான் தெரியவரும். ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறும் முன்பே சிறுநீர் குறையலாம். அதனால்தான் மணிக்கு மணி சிறுநீரை அளக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

கணக்கு எளிது: ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லி. 60 கிலோ உள்ளவருக்கு 30 மில்லி. தொடர்ந்து ஆறு மணி நேரம் இதற்குக் கீழே போனால் சிறுநீரகப் பாதிப்பு என்றே கொள்வார்கள். செவிலியர் அதுவரை காத்திருக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் குறைந்தாலே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சாதாரண யூரின் பையின் கோடுகளை வைத்து 20 மில்லியா, 35 மில்லியா என்று சொல்ல முடியாது. மணிவாரியாகச் சிறுநீரை அளக்கும் கோடிட்ட பெட்டியான யூரோமீட்டர் இல்லையென்றால் அளவு ஜாடியில் ஊற்றி அளங்கள். ஓடிக்கொண்டிருந்த சிறுநீர் திடீரென்று அடியோடு நின்றால் முதலில் குழாயைப் பாருங்கள்: தொடைக்கு அடியில் மடங்கியிருக்கலாம், ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். டீ டிகாஷன் நிறத்தில் வந்தால் அதையும் குறித்துவையுங்கள்.

சிறுநீர் குறைந்த நாட்களில், நேற்று போன சிறுநீரோடு 500 மில்லி சேர்த்ததுதான் இன்றைய மொத்த நீர். காய்ச்சல் இருந்தால் டாக்டர் கூட்டுவார். நேற்று 200 மில்லி போயிருந்தால் இன்று 700. இதில் அடிக்கடி விட்டுப்போவது, ஆன்டிபயாடிக் கலந்து ஏற்றும் சலைன். 100 மில்லி வீதம் மூன்று வேளை ஏற்றினால் 300 மில்லி அதிலேயே போய்விடும். காபி, கஞ்சி எல்லாம் மீதி 400க்குள்தான். காலையில் ஒரே தராசில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உடம்பில் தங்கிவிட்டது என்று பொருள்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்போடு வாங்கிவரும் இளநீர் இந்த நோயாளியின் உயிருக்கே ஆபத்து. அதிலுள்ள பொட்டாசியத்தைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயம் நின்றுபோகலாம். வாழைப்பழமும் சாத்துக்குடிச் சாறும் அப்படித்தான்.

பொட்டாசியம் ஏறியதன் அடையாளமாக ஈசிஜி வரைபடத்தில் டி எனப்படும் அலை கூம்பாக உயர்ந்தால், டாக்டர் உத்தரவின்படி 10 சதவீத கால்சியம் குளுகோனேட் 10 மில்லியை மானிட்டரைப் பார்த்தபடி மெதுவாகச் செலுத்துவோம். அது இதயத்தைக் காக்குமே தவிர பொட்டாசியத்தைக் குறைக்காது. சோடியம் பைகார்பனேட் போகும் அதே குழாயில் செலுத்தினால் இரண்டும் சேர்ந்து படிந்துவிடும். குறைப்பதற்கு இன்சுலினும் குளுக்கோஸும் கொடுப்பார்கள். பழுதான சிறுநீரகம் இன்சுலினை மெதுவாகத்தான் கழிக்கும். ஆகவே ஆறு மணி நேரமாவது மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்க வேண்டும்.

வலிக்கு டைக்ளோஃபெனாக் கூடாது. டயாலிசிஸ் குழாயில் ரத்தம் எடுப்பதோ மருந்து ஏற்றுவதோ வேண்டாம்.

சிறுநீரகம் தேறும்போது சிலருக்கு நாளைக்கு மூன்று லிட்டருக்கு மேல் சிறுநீர் போகும். வீட்டார் மகிழும் இந்த நாட்களில்தான் ரத்த அழுத்தம் இறங்கும், பொட்டாசியமும் வேகமாகக் குறையும். யூரின் குழாயை எடுத்த பிறகும் ஜாடியில் அளந்து எழுதுங்கள். இப்போது நீரின் அளவைக் கூட்டித் தர வேண்டியிருக்கும்.