ஒவ்வொரு படியாக

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனின் நாவல் ஒன்றில், ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ஒரு பொன்மொழி இருக்கும். 1894-ல் வந்த 'புட்டன்ஹெட் வில்சன்'. ஊரே மடையன் என்று பட்டம் கட்டிய ஒரு வக்கீல், தன் நாட்காட்டியில் எழுதிவைத்த வரிகள் அவை. மனிதர்களின் அசட்டுத்தனத்தை இவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர்கள் குறைவு.

அதில் ஒன்று எனக்கு உயிர். பழக்கத்தை யாராலும் ஜன்னல் வழியே தூக்கி எறிய முடியாது. தாஜா பண்ணி ஒவ்வொரு படியாகத்தான் மாடியிலிருந்து இறக்க வேண்டும். இன்னொரு முறை சொல்கிறேன்: தூக்கி எறிய முடியாது, படிப்படியாகத்தான்.

சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் வீடு ஏழாவது மாடி. அப்போதெல்லாம் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது, உங்களுக்கே தெரியும். ஐந்தில் இறங்கி ஏறி வரணும். அந்தப் படிக்கட்டு வளைவில் நின்றுதான் அப்பா சிகரெட் பிடிப்பார். சாம்பல் தட்ட ஒரு மைலோ டின். எனக்குப் பதினைந்து வயது. ஒருநாள் கோபத்தில் அவருடைய சிகரெட் பெட்டியைக் குப்பைக் குழாயில் போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் சட்டைப் பையில் புதுப்பெட்டி! ஒரு வாரம் அப்பா என்னோடு பேசவில்லை.

அம்மா வேறு மாதிரி. "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பிடிக்கிறதை மட்டும் விடுங்க" என்று இரண்டு ஏலக்காயைக் கையில் வைத்தார். சில மாதம் கழித்து, காலைக் கோப்பியோடு பிடிக்கும் சிகரெட். அப்புறம் வேலைக்குக் கிளம்பும்போது பிடிப்பது. மொத்தம் இரண்டு வருடம் ஆனது. கடைசியில் அந்த மைலோ டின்னில் அம்மா கற்பூரவல்லி நட்டார். இருமலுக்கு அந்த இலையைத்தான் கிள்ளுவோம்.

'அடுத்தவர் பழக்கத்தைப்போல் திருத்த வேண்டியது வேறெதுவும் இல்லை' என்பதும் அதே நாவலில்தான். அதைப் படித்த அன்று எனக்கு அந்தக் குப்பைக் குழாய்தான் ஞாபகம் வந்தது. ட்வைனே கடைசிவரை சுருட்டை விடாதவர். பழக்கம் எவ்வளவு கெட்டி என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக. அச்சுக்கோக்கும் இயந்திரம் ஒன்றில் பணத்தைப் போட்டு நொடித்துப்போனவர் ட்வைன். கடனை அடைக்க அறுபது வயதில் உலகம் சுற்றிச் சொற்பொழிவு செய்தார், முழுக்கவும் அடைத்தார். அந்தப் பயணத்தில், 1896 மார்ச் கடைசியில் கல்கத்தாவில் கப்பலேறி, சென்னையில் ஒருநாள் தங்கினார். அந்தப் பயணத்தைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். அழைத்த வானொலிக்கு நன்றி. வணக்கம்.