கோபுரத்தைச் சுற்றி எழுந்த நிலையங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கலிபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் படையின் நிலையக் கட்டடங்கள் எப்படி வளர்ந்தன என்பதைப் பற்றி இன்று பேசலாம். காவல் நிலையம் என்றதும் நமக்கு லாக்கப்பும் புகார் எழுதும் மேசையும்தான் நினைவுக்கு வரும். இந்தப் படைக்கு அவை இரண்டும் முக்கியமில்லை. கைதானவரைக் கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்தின் சிறையில் ஒப்படைத்துவிடுவார்கள். அலுவலருக்குப் பணிநேரத்தில் பெரும்பகுதி சாலையிலேயே கழியும். அப்படியானால் அவ்வளவு செலவழித்து ஒரு கட்டடம் எதற்கு? வயர்லெஸ்ஸுக்காக. இந்த நிலையங்களின் அமைப்பும் இடமும் விலையும் அந்த ஒரு தேவையிலிருந்துதான் கிளம்புகின்றன.

படை 1929இல் மாநிலச் சட்டத்தால் உருவானது. அதற்கு முன் கவுண்டிக்குக் கவுண்டி தனித்தனிப் போக்குவரத்து அலுவலர்கள் இருந்தார்கள். சட்டத்தை அமல்படுத்தும் விதம் கவுண்டிக்குக் கவுண்டி வேறுபட்டது. புதிய படையை மோட்டார் வாகன நிர்வாகத்துக்குக் கீழே வைத்தார்கள். அது தனித் துறையானது 1947இல்தான். தொடக்க காலத்து அலுவலகத்துக்கு வாடகை அறையும் ஒரு டெலிபோனும் மோட்டார் சைக்கிள் நிறுத்த ஒரு கொட்டகையும் போதும். சாலையில் இருப்பவரைக் கூப்பிட வழி கிடையாது. அவரே எங்காவது வண்டியை நிறுத்தி டெலிபோன் செய்தால்தான் உண்டு.

இருவழி வயர்லெஸ் வந்ததும் நிலைமை மாறியது. 1940இல் கனெக்டிகட் மாநிலப் போலீஸ், பேராசிரியர் டேனியல் நோபிள் வடிவமைத்த எஃப்.எம். இருவழி வயர்லெஸ்ஸை மாநிலம் முழுக்க நிறுவியது. மாநில அளவில் அதுவே முதலாவது. 40 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகளில் அது இயங்கியது. கலிபோர்னியாவும் 39 முதல் 46 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தாழ்பட்டையில் வேரூன்றியது. மலையும் பாலைவனமும் நிறைந்த மாநிலத்துக்கு அது பொருத்தமான தேர்வு. தாழ்ந்த அலைவரிசை மேடுபள்ளங்களைச் சுற்றி வளைந்து நெடுந்தூரம் போகும். ஆனால் அலை நீளமாக இருந்தால் ஆன்டெனாவும் நீளமாகத்தான் இருக்க வேண்டும். 42 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 7.1 மீட்டர். கால் அலை ஆன்டெனா என்றாலே 1.8 மீட்டர் வந்துவிடும். காரின் பின்புறத்தில் அதை நட்டுக்கொள்ளலாம், இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க முடியாது. அதனால் அலுவலர் கையில் வேறு அலைவரிசையில் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து, காரில் இருக்கும் மறுபரப்பி அவர் பேச்சை வாங்கித் தாழ்பட்டையில் அனுப்பும்படி செய்தார்கள். தாழ்பட்டைக்கு வேறு தொல்லைகளும் உண்டு. மின்கம்பி இரைச்சலும் என்ஜின் இரைச்சலும் அதில் எளிதாக ஏறும். சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் வானின் அயனிப்படலத்தில் பட்டுத் திரும்பும் தொலைதூர மாநிலங்களின் பேச்சு நடுவில் வந்து விழும்.

இதனால் நிலையத்துக்கு உயரமான டவர் தேவைப்பட்டது. பிற்காலத்து நிலையங்களில் 120 அடி, 140 அடி என்று நிற்பவை கம்பிகள் இழுத்துக் கட்டாத, தானே நிற்கும் எஃகுச் சட்டகக் கோபுரங்கள். இழுகம்பிக் கோபுரம் மலிவு. ஆனால் கம்பிகளை நங்கூரமிடச் சுற்றிலும் நிலம் வேண்டும். ஒரு கம்பி அறுந்தால் கோபுரமே சாயும். மைக்ரோவேவ் டிஷ் ஏற்றுவதாக இருந்தால் கோபுரம் விறைப்பாகவும் இருக்க வேண்டும். காற்றில் முறுக்கிக்கொண்டால் டிஷ் பார்க்கும் திசை மாறி இணைப்பு போய்விடும். கோபுரத்தடியில் கருவி அறை ஒன்று இருக்கும். மின்னல் தாக்கினால் மின்சாரம் தரைக்குள் இறங்குவதற்காக, கோபுரத்தையும் அந்த அறையையும் சுற்றி, தரைக்கு அடியில் 76 சென்டிமீட்டர் ஆழத்தில் செம்புக் கம்பி வளையம் போடுவார்கள். எட்டடி மின்தரைக் கம்பிகளை, ஒன்றுக்கொன்று குறைந்தது எட்டடி இடைவெளியில், அந்த வளையத்தோடு சேர்த்து இறக்குவார்கள். மின்சாரம் தரைக்குள் இறங்குவதற்கான தடை 10 ஓமுக்குள் வர வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. மணல் நிலத்தில் இது எளிதில் கிடைக்காது. இன்னும் ஆழமாகவோ கூடுதலாகவோ கம்பி இறக்க நேரும்.

1956இல் மத்திய நெடுஞ்சாலைச் சட்டம் வந்து விரைவுச்சாலைகள் பெருகவே படையும் பெருகியது. ஊருக்கு ஊர் நிலையம் எழுந்தது. அந்தத் தலைமுறைக் கட்டடங்கள் பெரும்பாலும் ஒரே தளம், காங்கிரீட் பிளாக் சுவர், மேலே தட்டையான மரக்கூரை என்ற பாணியில் வந்தவை. செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். அவற்றின் பலவீனம் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் இருந்தது.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அக்காலத்து முறைப்படி, சுவரின் உட்பக்கத்தில் நீளமான ஒரு மரச்சட்டத்தைப் போல்ட் போட்டு இறுக்குவார்கள். கூரையின் பிளைவுட் பலகையை அந்தச் சட்டத்தின் மேல் ஆணியடித்து முடித்துவிடுவார்கள். நிலநடுக்கத்தில் கனமான சுவர் வெளிப்பக்கம் விழப் பார்க்கும். சுவரோடு போன போல்ட் சட்டத்தை ஒரு பக்கம் இழுக்க, பிளைவுட்டின் ஆணி மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். மரத்துக்கு நார் ஓடும் திசையில்தான் வலு. இந்த இழுப்போ நாருக்குக் குறுக்கே வருகிறது. விறகைக் கோடரி பிளப்பதுபோல் சட்டம் நீளவாக்கில் பிளந்துவிடும். சுவர் வெளியே சாயும், கூரை உள்ளே இறங்கும். 1971 பிப்ரவரி 9 காலை 6 மணிக்குச் சான் பெர்னாண்டோ நிலநடுக்கம் வந்தபோது காங்கிரீட் சுவரும் மரக்கூரையுமாக இருந்த கிடங்குகளில் இதுதான் நடந்தது. அதன்பின் கட்டட விதியை மாற்றினார்கள். சுவரிலிருந்து எஃகுப் பட்டைகள் நேரே கூரை உத்தரங்களுக்குப் போய், சுமார் 4 அடிக்கு ஒன்று வீதம் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி முதல் உத்தரத்தோடு நின்றுவிடாமல், கூரையைக் குறுக்கே கடந்து எதிர்ச்சுவர் வரை தொடர வேண்டும்.

கலிபோர்னியாவில் நிலநடுக்கச் சட்டங்கள் வந்த வரிசையும் கவனிக்கத்தக்கது. 1933 மார்ச்சில் லாங் பீச் நிலநடுக்கம் செங்கல் பள்ளிக்கூடங்களை நொறுக்கியது. ஒரே மாதத்தில் பள்ளிகளுக்கான ஃபீல்டு சட்டம் வந்தது. 1971இன் அதே சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில் சில்மார் பகுதியில் மருத்துவமனைகள் இடிந்தன. 1973இல் மருத்துவமனைச் சட்டம் வந்தது. தீயணைப்பு நிலையம், காவல் நிலையம், நெடுஞ்சாலை ரோந்து அலுவலகம், அவசரத் தொடர்பு மையம் ஆகியவற்றுக்கான அவசியச் சேவைக் கட்டடச் சட்டம் 1986 வரை காத்திருந்தது. இவ்வளவு தாமதம் சரியல்ல என்பது என் கருத்து. நிலநடுக்கம் முடிந்த அடுத்த நிமிடம் தேவைப்படுகிறவர்கள் இவர்கள். 1971இல் நியூஹால் கணவாயின் நெடுஞ்சாலைச் சந்திப்பில் கட்டிக்கொண்டிருந்த மேம்பாலம் விழுந்தது. 1994 ஜனவரி 17 அதிகாலை 4.31க்கு நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் அதே சந்திப்பில் மீண்டும் பாலம் விழுந்தது. வேலைக்கு விரைந்த லாஸ் ஏஞ்சலஸ் நகரப் போலீஸ் மோட்டார் சைக்கிள் அலுவலர் கிளாரன்ஸ் வெய்ன் டீன், இருட்டில் பாலம் அறுந்தது தெரியாமல் விழுந்து இறந்தார். இன்று அந்தச் சந்திப்புக்கு அவர் பெயர். எந்தப் பாலம் நிற்கிறது, எந்தச் சாலையை மூட வேண்டும் என்ற செய்தி நிமிடங்களில் பரவ வேண்டுமென்றால் அதை வாங்கி அனுப்பும் வயர்லெஸ் அறை நின்றாக வேண்டும்.

சட்டம் கேட்பது, உள்ளே இருப்பவர் உயிர் தப்புவதோடு கட்டடம் தொடர்ந்து வேலை செய்வதையும். இன்றைய விதிப்படி இத்தகைய கட்டடத்துக்கு நிலநடுக்க விசையைச் சாதாரண அலுவலகத்தைப்போல் ஒன்றரை மடங்காகக் கணக்கிடுகிறார்கள். நாலு மாடிக்கு உட்பட்ட மர அல்லது எஃகுச் சட்டகக் கட்டடத்தில், 12 அடி உயரத் தளம் பக்கவாட்டில் 3.6 அங்குலம் வரை சாய்வதைச் சாதாரண அலுவலகத்துக்கு அனுமதிக்கலாம். அவசியச் சேவைக் கட்டடத்தில் அது ஏறக்குறைய 2.2 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். அந்த வித்தியாசத்தில்தான் கதவு நிலை கோணாமல் திறக்கிறது. மாநிலத்துக்குச் சொந்தமான நிலையங்களின் வரைபடங்களை மாநிலக் கட்டடக் கலைப் பிரிவு சரிபார்க்கும்.

சுவரும் கூரையும் நின்றும் நிலையம் முடங்குவதுண்டு. ஜெனரேட்டர்தான் முதல் சந்தேகம். அதிர்வு சத்தத்தைக் குறைக்க அதை ஸ்பிரிங் மீது வைப்பார்கள். பக்கவாட்டில் தடுப்பு இல்லையென்றால் நிலநடுக்கத்தில் ஸ்பிரிங்கிலிருந்து துள்ளி இறங்கி, எரிபொருள் குழாயையும் குளிர்நீர்க் குழாயையும் பிய்த்துவிடும். ஸ்டார்ட்டர் பேட்டரி அலமாரி கட்டப்படாமல் கவிழ்ந்தால் நல்ல என்ஜினும் கிளம்பாது. ஃபால்ஸ் சீலிங்குக்குச் செங்குத்துக் கம்பி மட்டும் போதாது. அதிகபட்சம் 12 அடிக்கு ஓரிடத்தில் நாலு பக்கமும் 45 பாகையில் சாய்கம்பியும் நடுவே ஒரு தாங்குகுழாயும் தேவை. கோபுரத்திலிருந்து கருவி அறைக்கு வரும் கேபிளில் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். கோபுரமும் கட்டடமும் வெவ்வேறு தாளத்தில் ஆடும், விறைப்பாக இழுத்த கேபிள் இணைப்பில் பிடுங்கிக்கொள்ளும். பாலைவன ஊர்களில் கருவி அறையின் ஏசி நின்றுபோனாலே வயர்லெஸ் சூடேறி அணைந்துவிடும்.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974இல் பெண்கள் அலுவலர் பயிற்சிக்கு வந்தார்கள். அதற்கு முன் கட்டிய நிலையங்களில் உடைமாற்றும் அறை ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. சாட்சியப் பொருள் அறையும் போதவில்லை. செல்போன் அவசர அழைப்புகள் தொடக்கத்தில் இந்தப் படையின் தொடர்பு மையங்களுக்கே திருப்பப்பட்டன. சின்ன அறைகள் பெரிய கூடங்களாக மாறியது அதனால்தான். முற்றத்தில் புதைத்த பெட்ரோல் தொட்டி இன்னொரு தலைவலி. ஒற்றைச் சுவர்த் தொட்டி துருப்பிடித்துக் கசிந்தால் நிலத்தடி நீர் கெடும். கலிபோர்னியாவில் அத்தகைய புதைதொட்டிகள் எல்லாவற்றையும் 2025 முடிவுக்குள் மூடக் கெடு வைத்தார்கள்.

2006இல் படையின் வயர்லெஸ் அமைப்பைப் புதுப்பிக்கும் பெருந்திட்டம் தொடங்கியது. 2013-14 நிதியாண்டிலிருந்து பழைய நிலையங்களைச் சில சிலவாக மாற்றிக் கட்டும் வேலைக்குப் பணம் ஒதுக்கினார்கள். கிரசென்ட் சிட்டி, குவின்சி, சான் டியாகோ, சாண்டா பார்பரா, டிரக்கி ஆகியவை முதல் வரிசையில் வந்தன. இடம் கிடைப்பதுதான் கடினம். ரோந்துக் கார்களுக்கு வேலியிட்ட முற்றம், பழுதுபார்க்கும் கொட்டகை, எரிபொருள் நிலையம், வாகன அடையாள எண்ணைச் சரிபார்க்க வரும் பொதுமக்களுக்குத் தனி வாசல், கோபுரம் இவை எல்லாம் சேரப் பல ஏக்கர் வேண்டும். விரைவுச்சாலை வாயிலும் அருகே இருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயிர்ப்புள்ள நிலப்பிளவிலிருந்து பொதுவாக 50 அடி தள்ளித்தான் கட்டலாம். 1964 மார்ச்சில் சுனாமியில் அடிபட்ட கிரசென்ட் சிட்டியில் கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி என்பதையும் பார்க்க வேண்டும். டிரக்கியில் கூரை கனத்த பனியைச் சுமக்க வேண்டும். ஒரே வரைபடத்தை எல்லா ஊருக்கும் நகலெடுக்க முடியாது.

புதிய கட்டடம் முடிந்த பிறகும் ஒரே இரவில் இடம் மாறிவிட முடியாது. புதிய கோபுரத்திலிருந்து மலையுச்சியில் உள்ள வயர்லெஸ் நிலையங்களுக்கு இணைப்பு கிடைக்கிறதா என்று ஒவ்வொரு சேனலாகப் பார்க்க வேண்டும். ஜெனரேட்டரை உண்மையான சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். பகுதியின் ஒவ்வொரு கணவாயிலும் கார் ஓட்டிச் சமிக்ஞை அளக்க வேண்டும். அதுவரை பழைய கோபுரமும் உயிரோடு இருக்கும். இரண்டும் சேர்ந்து ஓடும் அந்தக் காலத்துக்கான வாடகையையும் மின்கட்டணத்தையும் திட்ட மதிப்பீட்டிலேயே எழுதிவைப்பது நல்லது. அதை விட்டுவிட்ட திட்டம் கடைசி நேரத்தில் கூடுதல் பணத்துக்குக் காத்திருக்க நேரும். காலியான பழைய கட்டடம் அவசியச் சேவைக்குத் தேறாவிட்டாலும், பரிசோதனையில் தேறினால் வேறு ஏதாவதொரு துறையின் சாதாரண அலுவலகமாகத் தொடரலாம்.