பால்டர்ஸ் கேட் 3: ஒரே பேட்ச்சுக்குக் கொண்டாட்டமும் திட்டும் ஏன்? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் விரிவாகவே பேசலாம். பால்டர்ஸ் கேட் 3 என்ற, கதை சொல்லும் வீடியோ கேம் பற்றியது. பேட்ச் என்றால் வெளிவந்த ஆட்டத்தைத் திருத்தவும் புதிதாகச் சேர்க்கவும் பின்னால் வரும் அப்டேட், ஆக்ட் என்றால் கதையின் ஒரு பாகம். ஒரு நேயர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "அண்ணா, பால்டர்ஸ் கேட் 3 வெளிவந்து விருதெல்லாம் வாங்கி முடித்த பிறகும் பேட்ச் மேல் பேட்ச் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது, இன்னொரு கூட்டம் கரித்துக் கொட்டுகிறது. ஒரே அப்டேட்டுக்கு எப்படி இரண்டு விதமான பேச்சு வருகிறது? நான் இரண்டாவது ஆக்ட்டில் நிற்கிறேன். இப்படியே தொடரட்டுமா, புதிதாக ஆரம்பிக்கட்டுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. தொடருங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இன்னும் ஆட்டத்தை முடிக்காதவர்கள் கவனத்துக்கு: முடிவைப் பற்றிப் பேசப்போகிறேன், கதை தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள் முடித்துவிட்டு வந்து பாருங்கள்.

இரண்டு விதமான பேச்சு ஏன் வருகிறது? ஒரு பேட்ச் வரும்போது ஒருவர் கதையில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அவருடைய கோபமும் சந்தோஷமும் இருக்கின்றன. இன்னும் பார்க்காத பகுதியைச் சரிசெய்தால் அது பரிசு. ஏற்கெனவே அனுபவித்து முடித்த பகுதியை மாற்றினால், 'அப்போ நான் ஆடியது என்ன?' என்ற கேள்வி வருகிறது. இந்த ஆட்டத்தின் வரலாற்றையே எடுத்துப் பாருங்கள், அது தெளிவாகத் தெரியும்.

பெல்ஜியத்தில் கென்ட் நகரத்தில் இருக்கும், இந்த ஆட்டத்தைச் செய்த லாரியன் ஸ்டுடியோஸ், 2020 அக்டோபரிலேயே இதை ஏர்லி ஆக்சஸில், அதாவது முழுதாக முடியும் முன்பே ஆடக் கொடுக்கும் முறையில், விட்டுவிட்டார்கள். அப்போது முதல் ஆக்ட் மட்டும்தான் ஆட முடியும். கிட்டத்தட்ட மூன்று வருடம் லட்சக்கணக்கான பேர் அந்த ஒரு பகுதியையே திரும்பத் திரும்ப ஆடி, பக் எனப்படும் பிழைகளை எல்லாம் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதனால்தான் 2023 ஆகஸ்ட் 3-ம் தேதி முழு ஆட்டம் வந்தபோது முதல் ஆக்ட் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. மூன்றாவது ஆக்ட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நகரத்துக்குள் நுழைந்ததும் கம்ப்யூட்டர் திணறும், குவெஸ்ட் எனப்படும் கதைப் பணி பாதியில் அறுந்து நிற்கும், முடிவு சட்டென்று வந்து போய்விடும். விட்ட முதல் வாரத்திலேயே ராத்திரி பகலாக ஆடி அங்கே போய்ச் சேர்ந்தவர்கள்தான், அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய ரசிகர்கள்தான், அதன் மோசமான வடிவத்தைப் பார்த்தவர்கள்.

அப்புறம் பேட்ச்சுகள் ஆரம்பித்தன. ஆகஸ்ட் 25-ல் முதல் பேட்ச், ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள். அடுத்த வாரமே இரண்டாவது. இந்த இரண்டாவதில்தான் கார்லக் விஷயம் வந்தது. கார்லக், ஆட்டத்தில் நம் குழுவில் சேரும் தோழி. நெஞ்சுக்குள் நரகத்து இன்ஜினைச் சுமந்துகொண்டு, தொட்டால் எரிந்துவிடுவோம் என்ற பயத்தோடு வாழும் பெண். அவர்னஸ் என்ற நரக அடுக்குக்கு வெளியே அந்த இன்ஜின் அவளை ரொம்ப நாள் வாழ விடாது. ஆட்டம் முழுக்க அவளைக் காப்பாற்ற வழி கிடைக்கும் என்று நம்பி நம்பிப் போனவர்களுக்கு, கடைசியில் ஒரு கட்டை மாதிரியான முடிவு. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். லாரியன் அந்த முடிவை விரித்து எழுதினார்கள். ஆனால் எந்தப் பேட்ச்சிலும் அவளுக்கு முழு வைத்தியம் கொடுக்கவில்லை. என்னைக் கேட்டால் அது சரியான தீர்மானம். ரசிகர் கேட்கிறார் என்பதற்காகக் கதையின் எலும்பை உடைக்கவில்லை, அதற்கு உரிய விடைபெறுதலைத் தந்தார்கள்.

இப்போது ஐந்தாவது பேட்ச்சுக்கு வருகிறேன். 2023 நவம்பர் 30. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கதை முடிந்து ஆறு மாதம் கழித்து, குழுவின் கேம்ப்பில் நம்மோடு இருக்கும் விதர்ஸ் என்ற கதாபாத்திரம் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு விருந்து வைக்கிறார். பழைய கேம்ப் நெருப்பு, மேஜை நிறைய சாப்பாடு, ஸ்கிராட்ச் நாய் ஓடி வருகிறது. ஒவ்வொரு தோழரிடமும் போய் இந்த ஆறு மாதம் எப்படிப் போனது என்று பேசலாம். ஒரு ஓரத்தில் கடிதங்கள் கிடக்கும், எடுத்துப் படித்துப் பாருங்கள். நீங்கள் வழியில் யாருக்கெல்லாம் உதவி செய்தீர்களோ அவர்கள் எழுதியவை. முதல் ஆக்ட்டில் போகிற போக்கில் காப்பாற்றிய ஒருவர் நினைவு வைத்து எழுதியிருப்பார். நகரத்துச் செய்தித்தாளும் இருக்கும், அதிலும் உங்கள் செயல்களைப் பற்றி எழுதியிருப்பார்கள். இந்த ஒரு காட்சிக்காகச் சுமார் 3,500 புதிய வசன வரிகள். அவர்னஸுக்குத் துணையோடு போன கார்லக்குக்குக்கூட அங்கே ஒரு நம்பிக்கை கீற்றாகத் தெரியும்.

இது யாருக்குப் பிடிக்காமல் போகும்? டிசம்பரில் முதல்முறையாக முடித்தவர்கள் கண் கலங்கி முடித்தார்கள். ஆகஸ்டிலேயே முடித்தவர்களில் பலரும் ஓடி வந்து பழைய சேவ் (ஆட்டத்தைச் சேமித்து வைத்த கோப்பு) ஒன்றைத் திறந்து, கடைசிச் சண்டையை மறுபடி ஒருமுறை ஜெயித்து இந்த விருந்தைப் பார்த்தார்கள். ஆனால் அவர்களிலேயே ஒரு பகுதியினருக்கு வருத்தம் இருந்தது. 'நூறு மணி நேரத்துக்கு மேல் கூட இருந்தவர்களிடம் நான் விடைபெறாமலேயே வந்துவிட்டேன். முதல் நாளே முழு விலை கொடுத்து வாங்கியவனுக்கு இது ஏன் இல்லை?' என்ற வருத்தம். அந்த சேவ் கோப்பையும் அழித்துவிட்டிருந்தால் அந்தக் கடைசிச் சண்டைக்குத் திரும்பக்கூட வழியில்லை. பேட்ச்சைப் பாராட்டியவரும் குறைசொன்னவரும் சொன்னது ஒன்றேதான்: அந்த விருந்து நன்றாக இருந்தது. ஒருவருக்கு அது நேரத்துக்கு வந்தது, இன்னொருவருக்குப் பிந்தி வந்தது. இந்த வருத்தத்தை 'எப்பப் பார்த்தாலும் குறை சொல்லும் கூட்டம்' என்று ஒதுக்கிவிடுவது எனக்குப் பிடிக்காது. நியாயமான வருத்தம் அது. அரைகுறையாக விற்று அப்புறம் சரிசெய்யும் பழக்கம் இந்தத் தொழிலில் வேரூன்றிவிட்டது. லாரியன் மற்றவர்களைவிடப் பல மடங்கு நேர்மையாக நடந்துகொண்டார்கள், ஒரு பைசா கூடுதலாகக் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

அதே பேட்ச்சில் இன்னொரு கூத்தும் நடந்தது. அப்டேட் ஆனதும் பலருக்கு ஆட்டம் மெதுவாகிவிட்டது. காரணத்தை லாரியன் அப்புறம் விளக்கினார்கள்: நீங்கள் முன்பு செய்த திருட்டு, அடிதடி எல்லாவற்றையும் ஆட்டம் மறக்காமல் பின்னணியில் ஓயாமல் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கை சுத்தமாக ஆடியவருக்குப் பிரச்சினை குறைவு, கண்ணில் பட்டதையெல்லாம் சுருட்டியவருக்கு ஆட்டம் ஆமை வேகம். டிசம்பரில் ஹாட்ஃபிக்ஸ் எனப்படும் அவசரத் திருத்தம் விட்டுச் சரிசெய்தார்கள். ஒருவர் 'எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே' என்று சொல்ல, இன்னொருவர் 'ஆடவே முடியவில்லை' என்று சொன்னால் இரண்டு பேருமே உண்மை பேசலாம். தயவுசெய்து ஒருவரை ஒருவர் பொய்யர் என்று சொல்லாதீர்கள்.

அளவு விஷயம் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்தாவது பேட்ச் மட்டும் 30 ஜிபி அளவுக்கு இருந்தது. ஆட்டமே 150 ஜிபி இடம் கேட்கிறது. அதன் கோப்புகள் பெரிய பெரிய மூட்டைகளாகக் கட்டி வைக்கப்பட்டிருப்பதால், உள்ளே கொஞ்சம் மாறினாலும் ஆட்டங்களை விற்று இறக்கித் தரும் ஸ்டீம் செயலி முழு மூட்டையையும் புதிதாகக் கட்டவேண்டியிருக்கிறது. அதனால் இறக்குவதைவிடப் பல மடங்கு காலி இடம் டிஸ்க்கில் தேவைப்படுகிறது. இடம் இல்லாதவர்கள் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி இறக்கினார்கள். அளவான டேட்டா பிளானில் இருப்பவருக்கு இது எவ்வளவு எரிச்சல் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அடுத்து நெர்ஃப். பலம் குறைப்பது. இதில் வரும் கோபம் வேறு மாதிரி. எல்டன் ரிங் என்ற இன்னொரு ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 பிப்ரவரி 25-ல் வந்தது. மூன்று வாரத்துக்குள், மார்ச் 17-ல், 1.03 பேட்ச். மிமிக் டியர் என்ற துணை, ஹோர்ஃப்ராஸ்ட் ஸ்டாம்ப் என்ற தாக்குதல், சோர்டு ஆஃப் நைட் அண்ட் ஃபிளேம் என்ற வாள், எல்லோரும் நம்பியிருந்த மூன்றும் ஒரே நாளில் பலம் இழந்தன. முந்தின நாள் வரை ஒரு பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம், மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் மறுநாள் வந்து பார்த்தால் கையில் இருந்த ஆயுதம் பாதியாகியிருக்கிறது. அதே பேட்ச்சில்தான் பாதியில் நின்ற சில குவெஸ்ட்டுகளுக்குத் தொடர்ச்சியும், சந்தித்த கதாபாத்திரங்கள் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் காட்டும் வசதியும் வந்தன. அதைப் பற்றிப் பேசியவர்களின் குரல் கோபக் குரலுக்கு நடுவே எடுபடவில்லை. எல்டன் ரிங்கைச் செய்தவர்களுக்கு ஒரு கட்டாயம் இருந்தது: ஆட்டத்தில் ஒருவர் உலகத்துக்குள் இன்னொருவர் புகுந்து சண்டை போடலாம், அப்போது அந்தச் சண்டைக்கும் ஆட்டத்தின் சொந்த எதிரிகளோடு போடும் சண்டைக்கும் சேதக் கணக்கு ஒன்றுதான். அதைத் தனித்தனியாகப் பிரித்தது 2022 அக்டோபரில் வந்த 1.07-ல்தான். முதலிலேயே பிரித்திருந்தால் பாதிக் கோபம் வந்தேயிருக்காது.

லாரியன் இந்த இடத்தில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார்கள். ஐந்தாவது பேட்ச்சில் ஹானர் மோட் என்ற கடினமான ஆட்ட முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு சேவ்தான், மொத்தக் குழுவும் விழுந்தால் ஹானர் ஓட்டம் அத்தோடு முடிந்தது. கடும் சோதனை வேண்டும் என்பவர்களுக்காக, ஹேஸ்ட் என்ற வேக மந்திரம் போட்டுக்கொண்டு கூடுதல் தாக்குதல்களை அடுக்குவது போன்ற தந்திரங்களை அந்த முறைக்குள் மட்டும் கட்டுப்படுத்தினார்கள். சாதாரண முறையில் ஆடுபவரின் பில்டில் (கதாபாத்திரத்தை அமைத்திருக்கும் விதத்தில்) கை வைக்கவில்லை. அதனால்தான் அந்த மாற்றத்துக்கு எதிராகப் பெரிய கூச்சல் எழவில்லை. மின்தாரா என்ற எதிரணிப் பெண்ணின் விஷயமும் இதே வழிதான். நல்லவராக ஆடுபவர்கள், அவளைக் கொல்லாமல் மயக்கமடையச் செய்து, குறுக்கு வழியில் குழுவில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வழியை அடைத்திருக்கலாம். மாறாக, மயக்கமடையச் செய்தால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதையே முறையான வழியாக ஆக்கிவிட்டார்கள். ஆடுபவர்கள் எதை ஆசைப்படுகிறார்கள் என்று உட்கார்ந்து கவனித்தவர்களால்தான் இப்படிச் செய்ய முடியும்.

மோட், அதாவது ரசிகர்கள் செய்து தரும் கூடுதல் மாற்றங்கள், போட்டு ஆடுபவர்களின் துயரம் தனிக் கதை. 2024 செப்டம்பர் 5-ல் ஏழாவது பேட்ச் வந்து, அதிகாரபூர்வ மோட் வசதியை ஆட்டத்துக்குள்ளேயே கொடுத்தது. அதுவரை வெளியிலிருந்து மோட் போட்டவர்களுக்கு ஒவ்வொரு அப்டேட்டும் ஒரு இடி. இருபது முப்பது மோட் சேர்த்து அழகாக அமைத்து வைத்திருப்பார், காலையில் ஸ்டீம் தானாக அப்டேட் போட்டிருக்கும், சேவ் திறக்காது. மோட் செய்தவர் ஊதியம் இல்லாமல் செய்கிறார், அவர் சரிசெய்யும் வரை காத்திருக்க வேண்டும். இங்கே ஒரு வேண்டுகோள்: அந்த மோட் செய்பவர்களிடம் போய்ச் சத்தம் போடாதீர்கள். ஆட்டம் செய்தவர்களிடமும்தான். 2024-ல் லாரியன் தலைவர் ஸ்வென் வின்கேயே, தன் ஆட்களை மிரட்டவேண்டாம் என்று பகிரங்கமாகச் சொல்லவேண்டி வந்தது. இலவசமாக ஒன்றைச் சேர்த்துக் கொடுத்ததற்கு மிரட்டல் வருவதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

எட்டாவது பேட்ச் 2025 ஏப்ரல் 15-ல் வந்தது, பெரிய பேட்ச்சுகளில் அதுதான் கடைசி. பன்னிரண்டு கிளாஸுக்கும் (கதாபாத்திர வகைக்கும்) ஆளுக்கொன்றாகப் பன்னிரண்டு புதிய சப்கிளாஸ் (உள்வகை), கணினிக்கும் கன்சோலுக்கும் இடையே சேர்ந்து ஆடும் வசதி, ஆட்டத்துக்குள் படம் எடுக்கும் போட்டோ வசதி. அதை ஜனவரியிலிருந்தே ஆடுபவர்களிடம் கொடுத்துச் சோதித்துவிட்டுத்தான் விட்டார்கள். ஐந்தாவதில் பட்ட பாடு மறுபடி வராமல் இருக்க அது உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, இரண்டாவது ஆக்ட்டில் நிற்கும் தம்பிக்கு வருகிறேன். பழைய சேவ் புதிய பேட்ச்சில் திறக்கும். ஹெக்ஸ்பிளேடோ பிளேட்சிங்கிங்கோ, அந்தப் புதிய சப்கிளாஸ் ஏதாவது ஆசையாக இருந்தால் கேம்ப்பில் விதர்ஸிடம் 100 தங்கம் கொடுத்து லெவலை எல்லாம் கலைத்து மறுபடி தேர்ந்தெடுக்கலாம், அதற்காகப் புதிதாக ஆரம்பிக்க வேண்டியதில்லை. மூன்றாவது ஆக்ட்டும் அந்த விருந்தும் உங்களுக்கு இன்னும் மிச்சம் இருக்கின்றன, முதல் வாரத்தில் ஆடியவர்களுக்குக் கிடைக்காத நல்ல வடிவத்தில். மோட் போட்டிருந்தால் மட்டும் ஸ்டீமில் இந்த ஆட்டத்தின் அமைப்புக்குள் போய், 'திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்' என்று மாற்றி வையுங்கள். மோட் தயாராகிவிட்டதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஆட்டத்தைத் திறங்கள், ஏனென்றால் புதிய பதிப்பில் போட்ட சேவ் பழைய பதிப்பில் திறக்காது. கடைசிச் சண்டைக்கு முன்னால் ஒரு தனி சேவ் போட்டு அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.