49 வயதோடு மூடப்படும் பதிவேடு

நேயர்களுக்கு வணக்கம். கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். "நாம் இருவர் நமக்கு இருவர்" என்று வீட்டுக்கு வீடு ஏறி இறங்கியவர்களில் ஒருத்தி.

நாங்கள் சொன்னதை ஊர் கேட்டுக்கொண்டது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். 2011 கணக்கெடுப்பில் நம்மில் பத்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். 2031இல் அது நூற்றுக்குப் பதினெட்டு ஆகும் என்று கணித்திருக்கிறார்கள். இதையெல்லாம் சாதித்தது யார் உடம்பு? அதே ஆய்வில், திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆயிரத்துக்கு ஒருவர். நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைத் துரத்தித் துரத்திப் பிடித்த பிறகு, எந்த அரசும் அவர்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை!

பிள்ளை பெறும் வயதில் உள்ள தம்பதியரைக் குறித்துவைக்க, எங்களிடம் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு என்று ஒன்று உண்டு. மனைவிக்கு 15 முதல் 49 வயதுவரை பெயர் இருக்கும். பிறகு அடித்துவிடுவோம். பிள்ளை பெறும் வயது முடிந்தால் கர்ப்பப்பையின் கதையும் முடிந்தது என்று பொருள். அப்படியா முடிகிறது? நாலைந்து பிரசவத்தை வீட்டிலேயே பார்த்து, பத்தாம் நாளே தண்ணீர்க் குடம் தூக்கியவர்கள் இன்றைய பாட்டிகள். அவர்களில் பலருக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கியிருக்கிறது; "அடி இறங்குகிறது" என்பார்கள். மகளிடம்கூடச் சொல்வதில்லை. துணியை வைத்துக் கட்டிக்கொள்கிறார்கள். தும்மினால் சிறுநீர் கசிகிறது என்று கல்யாணத்துக்குப் போவதை நிறுத்துகிறார்கள். பஸ் ஏறவேண்டிய நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. அறுவை வேண்டாம் என்பவர்களுக்கு கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்க உள்ளே பொருத்தும் ஒரு வளையமே பெரிய நிம்மதி தரும். அப்படி ஒன்று உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்று, மாதவிலக்கு நின்று ஓராண்டுக்கு மேல் ஆனபின் ரத்தம் பட்டால், ஒரு சொட்டானாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். "உடம்புச் சூடு" என்று வெந்தயம் தின்று காலம் கடத்தாதீர்கள். அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை மருத்துவமனையைத் துணையாகக் கொண்டு, 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறுபட்ட திசு இருந்தால் அந்த இடம் வெளுக்கும். அவ்வளவுதான். இந்தப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் அந்தப் புற்றுநோய்ச் சாவு மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தது. 2007இல் உலகமே இதைப் படித்தது. ஆனால் 2019-21 ஆய்வில், முப்பதிலிருந்து நாற்பத்தொன்பது வயதுவரை உள்ள நம் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஏதாவது ஒரு பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் பத்தில் ஒருவர்தான்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். கதவைத் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். அவர்களுடைய படிவத்தில் அறுபது வயதுப் பெண்ணிடம் கேட்க இரண்டு கேள்விகள் சேர்த்தால் போதும்: அடி இறங்குகிறதா? ரத்தம் படுகிறதா? "ஆமாம்" என்றால் சீட்டு எழுதி அரசு மருத்துவமனைக்கு அனுப்பலாம். பிரசவத்துக்கு அனுப்பிய அதே வழிதான்.